ஏழு நாளில் ஓட வேண்டிய வண்டி

1

நேற்று காலை இங்கே குப்பைத் தொட்டியில் ஒரு கார் புத்தகம் கிடந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. யாரோ வண்டியை விற்றுவிட்டுப் புத்தகத்தை வீசியிருக்கிறார்கள்.

மஸ்கட்டில் ஒரு பெரிய குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நான் கார் கழுவுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது கார். உள்ளே துடைக்கச் சொல்லி சாவி கொடுப்பார்கள். எந்த டேஷ்போர்டைத் திறந்தாலும் இப்படி ஒரு புத்தகம் தூங்கிக்கொண்டிருக்கும். யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

நான் அதை எடுத்துத் துடைத்து அறைக்குக் கொண்டுவந்தேன். என்னோடு தங்கியிருக்கும் மலையாளி சேட்டன் கேட்டார், "உனக்கு வண்டியே இல்லையே, இது எதுக்கு?"

"சும்மா, கீழ கெடந்துச்சு" என்றேன்.

"அது இங்கிலீஷாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தவன் என்று அவருக்குத் தெரியும். சிரிக்கட்டும். போன மாதம் மயிலாப்பூரில் இதே மாதிரி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. ஊரில் இருக்கிற நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

2

என் அண்ணன் சேகர் கால்டாக்சி ஓட்டியவர். சொந்த வண்டி, பழைய வெள்ளைக் கார். போன வருஷம் பாண்டி பஜார் பக்கம் சவாரிக்குக் காத்திருந்தபோது நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கால்வாய் ஓரத்தில் எங்கள் தெரு. வண்டியை வாசலில் ஒழுங்காக நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றினார். சாவியை எடுத்தார். உள்ளே வந்து அண்ணியிடம் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். முப்பத்தாறு வயது.

நான் சாவுக்குப் போகவில்லை. போக முடியவில்லை என்று சொல்ல வேண்டும், ஆனால் போகவில்லை என்றுதான் எனக்குள் கேட்கிறது. அவசர லீவு பாரத்தில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை என்று நாலு கட்டம்தான் இருந்தது. அண்ணனுக்குக் கட்டம் இல்லை. "அப்பான்னு போடு, யார் பார்க்கப் போறது?" என்றார் சேட்டன். போட்டேன். சூப்பர்வைசர் என் பழைய பைலை எடுத்துப் பார்த்தார். அதில் அப்பா ஏற்கெனவே செத்திருந்தார். ஒரு ஆள் இரண்டு முறை சாக கம்பெனியில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதனால் அடக்கத்தை போனில் பார்த்தேன். என் சிநேகிதன் பாபு போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வரும்போதெல்லாம் கை கீழே இறங்கிவிடும். அன்றைக்கு நான் அதிகமாகப் பார்த்தது செருப்புகளைத்தான்.

3

ஒரு வருஷம் கழித்து, முதல் வருஷப் படையலுக்கு லீவு கிடைத்தது. வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அண்ணன் மகள் யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு வயது. என்னை போனில் மட்டுமே பார்த்தவள். உள்ளே ஓடிப்போய், "அம்மா, அந்த அங்கிளுக்கு காலு கீது!" என்று கத்தினாள். சித்தப்பா என்று சொல்லுடி என்று அண்ணி எவ்வளவோ சொன்னார். கடைசி நாள் வரைக்கும் அங்கிள்தான்.

வண்டி அண்ணன் நிறுத்திய இடத்திலேயே நின்றது. முன்கண்ணாடியில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முந்தின நாள்தான் ஒட்டியிருக்கிறார்கள். கைவிடப்பட்ட வாகனம், ஏழு நாளுக்குள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும்.

அண்ணியின் பெயர் செல்வி. பக்கத்துத் தெரு அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். அந்த வண்டிக்குள் ஒரு வருஷமாக அவர் ஏறவில்லை. ஆனால் தினமும் காலையில் கோலம் போட்ட கையோடு அதன் முன்கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துவிடுவாராம். நோட்டீஸ் ஒட்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்திருந்தார்.

"தூக்கினு போய் நசுக்கிடுவாங்களாம் தம்பி" என்றார்.

நானும் பாபுவும் நோட்டீஸில் இருந்த ஆபீசுக்குப் போனோம். பாபு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே ரொம்ப தூரத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் தினமும் விடிகாலையில் மயிலாப்பூருக்கு வந்துவிடுவான். ஆபீசில் ஒரு சார் இருந்தார்.

"ஓனர் யாரு?"

"எங்க அண்ணன் சார்."

"அவர வரச் சொல்லு."

"செத்துட்டாரு சார். ஒரு வருஷம் ஆச்சு."

"அப்போ நாங்க ஒட்டுனது கரெக்ட்தான? கைவிடப்பட்ட வாகனம்."

"அவரு கைவிடல சார். செத்துட்டாரு."

"பாரத்துல ரெண்டுத்துக்கும் ஒரே கட்டம்தாம்பா."

உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் அண்ணனுக்குக் கட்டம் இல்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த சார் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஓட்டிக் காட்டு. ஓடுற வண்டிய எவனும் தூக்க மாட்டான். செவ்வாக்கெழம காலைல லாரியோட நானே வருவேன். அது தானா நவுரணும். தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. நவுந்துச்சுன்னா நோட்டீஸ கிழிச்சிட்டுப் போய்னே இருப்பேன்."

வெளியே வந்ததும் பாபு கேட்டான், "இன்னா மச்சி, மெக்கானிக்க கூப்டலாமா?"

"வோணாம். அண்ணன் வண்டில வெளியாளு கைய வெச்சதே கெடையாது. நாமளே பாத்துக்கலாம்."

"அங்க நீ கார் கழுவறவன்டா."

"தெரியும்டா."

4

புது பேட்டரி போட்டோம். இன்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் வண்டியோடு வந்த புத்தகம் இருந்தது. அதில் எல்லாம் எழுதியிருக்கும் என்று நம்பினேன். இங்கிலீஷ். அண்ணி சமைக்கிற வீட்டு மாமா பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் படித்துச் சொல்வார் என்று அண்ணி என்னை நாலாவது மாடிக்கு அனுப்பினார்.

மாமா புத்தகத்தை வாங்கி, பாராயணம் பண்ணும் மரப்பலகையில் விரித்து வைத்தார்.

"உக்காருடா. நேத்தே சொல்லியிருந்தா குளிச்சுட்டு வந்து ஆரம்பிச்சிருப்பேன்."

"மாமா, ஸ்டார்ட் ஆவலன்னா இன்னா பண்றதுன்னு மட்டும் பாத்து சொன்னீங்கன்னா..."

"நடுவுலேர்ந்து ஆரம்பிச்சா ஒண்ணும் விளங்காது. சித்த பொறு."

முதல் பக்கத்திலிருந்து படித்தார். எங்கள் வண்டியை வாங்கியதற்கு நன்றி என்று முதல் வரி. "எவ்ளோ மரியாதையா எழுதிண்டு போறான் பாரு" என்று மாமா என் பக்கம் திரும்பினார். பிறகு சீட் பெல்ட். கர்ப்பிணிகள் எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதை இரண்டு தரம் படித்தார். சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் எங்கே ஊற்றுவது என்ற இடத்துக்கு வந்திருந்தோம்.

மாமி காபி கொண்டுவந்து வைத்தார். "என்ன, வண்டி கிளம்பித்தா?"

"இன்னும் வைப்பர்லதான் இருக்கு" என்றார் மாமா.

ஏழு நாளில் இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் காலையில்தான் அந்தப் பக்கம் வந்தது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவும். பேட்டரியைப் பார்க்கவும். அதற்கும் ஆகாவிட்டால் அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தை அணுகவும். மாமா புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாமா, எங்கியோ போய் கேட்டுக்கோன்றான். இதுக்கா மூணு நாளு?"

"கோச்சுக்காதேடா. இது ஓட்டறவனுக்கு எழுதின புஸ்தகம். பிரிச்சு மாட்டறவனுக்குன்னு வேற ஒண்ணு இருக்கும். அதைக் கொண்டா, படிக்கறேன்."

"மொத பக்கத்துலேர்ந்தா மாமா?"

மாமி சிரித்த சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது.

5

பிரித்து மாட்டுகிறவன் புத்தகத்தைத் தேடி அன்றைக்கே புதுப்பேட்டைக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் கதவு மட்டும் இருக்கும், ஒரு கடையில் சீட் மட்டும், ஒரு கடையில் லைட் மட்டும். முழுசாக எதுவும் இருக்காது. எட்டுக் கடையில் கேட்டோம். எல்லாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"புக்கா? இருவது வருஷமா கட வெச்சிகினு கீறேன். புக்கு கேட்டு வந்த மொத ஆளு நீதான் நைனா" என்றார் ஒன்பதாவது கடை பாய். பிறகு தாடியைத் தடவினார். "இரு, ஒன்னு கீது."

அவருடைய மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் முட்டுக்கொடுத்து ஒரு தடிமனான ஜெராக்ஸ் கட்டு இருந்தது. பாபு குனிந்து அட்டையைப் பார்த்தான். எங்கள் வண்டியேதான். பெட்ரோல்தான். பாய் காசு கேட்கவில்லை. அதே உயரத்துக்கு வேறு ஒன்று கொண்டுவா என்றார். ஒரு செங்கல் கொண்டுவந்தோம், உயரமாகிவிட்டது. ஓடு கொண்டுவந்தோம், உடைந்துவிட்டது. கடைசியில் பாபு தன் ஆட்டோவில் குழந்தைகள் உட்காரப் போட்டிருந்த சின்னப் பலகையைக் கழற்றிக் கொடுத்தான். மேசை ஆடவில்லை. புத்தகம் எங்களுக்கு வந்தது.

இந்த முறை மாமா நேராக வேண்டிய பக்கத்துக்கே போனார். மாமி பேசியிருக்க வேண்டும். சாவி போடும்போது பின்சீட்டுக்கு அடியில் உஸ்ஸென்று ஒரு சத்தம் வர வேண்டும், வராவிட்டால் பெட்ரோல் டேங்கில் உள்ள பம்ப் வேலை செய்யவில்லை என்று போட்டிருந்தது. எங்களுக்கு வரவில்லை. பின்சீட்டைத் தூக்கினோம். டேங்கின் மேல் பெரிய ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம். அதைத் திருகினால்தான் பம்ப் வெளியே வரும். பாபு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினான். வளையத்தின் ஒரு பல் உடைந்து என் கன்னத்தில் அடித்தது.

"தட்டாதேள்!" என்று மாமா கார் ஜன்னல் வழியாகக் கத்தினார். அவரும் கீழே வந்துவிட்டிருந்தார். "போட்டிருக்கான் பாரு, ஸ்பெஷல் டூல் இல்லாம கழட்டப்படாதுன்னு!"

பக்கத்திலேயே அந்த டூலின் படம் இருந்தது. வளைந்த ஒரு இரும்புப் பட்டை, இரண்டு முனையிலும் கீழ்நோக்கிப் பல். புதுப்பேட்டையில் இல்லை. ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆர்டர் போட்டால் பத்து நாள் என்றார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டு நாள்.

6

மறுநாள் படையல். அண்ணி இலை போட்டு பிரியாணி, அவித்த முட்டை, அண்ணன் குடிக்கிற சிகரெட் எல்லாம் வைத்துக்கொண்டிருந்தார். நான் தோற்ற முகத்தோடு அந்த ஜெராக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி தண்ணீர் சொம்பை வைக்கக் குனிந்தவர் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது அவர்கிட்ட இருந்துதே."

"எங்க கீது அண்ணி?"

"அவர்கிட்டதான் கீது."

எனக்குப் புரியவில்லை.

"அவரு கூடவே வெச்சி அனுப்சிட்டேன் தம்பி."

எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். செத்தவருக்குப் பிடித்த பொருளை சட்டைப் பையில் வைத்து அனுப்புவார்கள். பீடி, சீட்டுக்கட்டு, சிலருக்கு குவாட்டர். அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று அன்றைக்குக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் தானே வெல்டிங் வைத்துச் செய்த ஒரு இரும்பை எப்போதும் டிரைவர் சீட்டுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருப்பார். யாரையும் தொட விடமாட்டார். அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்றால் உயிருக்கு உயிரானதாகத்தான் இருக்கும் என்று அண்ணி நினைத்துவிட்டார்.

"பாக்கெட்ல வெச்சிப் பாத்தேன், உள்ள போவல" என்றார் அண்ணி. "ரெண்டு தபா தள்ளிப் பாத்தேன். அப்பறம் கைலயே குடுத்துட்டேன்."

பாபுதான் மெதுவாகச் சொன்னான்: "அப்போ டூலு எங்கியும் தொலையல மச்சி. ஓனர்கிட்டதான் கீது. போய் கேட்டு வாங்கினு வரலாமா?"

நான் அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். அதற்குள் அண்ணி சிரித்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "அவரு குடுக்க மாட்டாரு" என்றார். "உயிரோட இருக்கசொல்லவே எரவல் குடுக்க மாட்டாரு."

பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். காக்கா வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் பாபு ஆட்டோவில் கிண்டிக்குப் போனோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை மூடுகிற நேரம். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்தார்.

"செஞ்சிரலாம். பல்லுக்கும் பல்லுக்கும் எவ்ளோ கேப்பு? அளவு போடலியே இதுல."

எங்களுக்குத் தெரியாது. அண்ணி முன்னால் வந்தார். வலது கையை நீட்டி, கட்டை விரலையும் நடுவிரலையும் விரித்தார்.

"இவ்ளோ. நான்தான் கைல வெச்சினு இருந்தேன்."

"தோராயமாலாம் முடியாதும்மா. ஒரு நூலு மாறுனாலும் ஒக்காராது."

"அளந்து பாருங்கண்ணா. இதான்."

அவர் அளவுக் கருவியை எடுத்து அண்ணியின் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அளந்தார். எழுதிக்கொண்டார். கையை மடக்கிவிட்டு மறுபடி விரிக்கச் சொன்னார். அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார். பிறகு மிஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அண்ணி கையை மடக்கவே இல்லை, அப்படியே விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது. வளையம் ஒரே திருப்பில் இளகியது. பாபு என் காதருகே வந்து, "மச்சி, வண்டில இருக்குற இந்த வளையத்தையே அளந்துனு போயிருந்தா போதும்ல?" என்றான்.

இரண்டு பேருக்கும் அதுவரை அது தோன்றவே இல்லை. அண்ணியிடம் சொல்ல வேண்டாம் என்றேன். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

7

செவ்வாய்க்கிழமை விடியும்போது புதுப்பேட்டையில் வாங்கி வைத்திருந்த பம்பை மாட்டி முடித்தோம். பழைய பெட்ரோலை இறக்கினோம், வார்னிஷ் வாசனை அடித்தது. புதுசு ஊற்றிச் சாவியைத் திருகினேன். உஸ்ஸென்றது. நாலாவது தடவையில் பிடித்துக்கொண்டது. தெருவே வெளியே வந்துவிட்டது. மாமா மாடியிலிருந்து கை தட்டினார்.

லாரியும் வந்தது. ஆபீஸ் சார் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நவுத்து" என்றார்.

நவுரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் தெருவுக்குப் புது ரோடு போட்டிருக்கிறார்கள். நகராத வண்டி என்பதால் அதைச் சுற்றி மட்டும் தார் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வண்டி அரை அடிப் பள்ளத்தில் நின்றது. வந்த நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓடாத வண்டிக்கு மேடு ஏது, பள்ளம் ஏது என்று விட்டுவிட்டேன். மீன் விற்கிற அக்கா தன் பலகைகளைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தார். நான் கிளட்சை விட்டேன். அணைந்துவிட்டது. மறுபடியும். மறுபடியும் அணைந்தது. மஸ்கட்டில் நான் நகர்த்தி வைக்கிற வண்டிகளில் கிளட்சே கிடையாது.

"இன்னாப்பா, ஓடுமா ஓடாதா?" என்று லாரி டிரைவர் கொக்கியை இறக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. அண்ணி நின்றார். "எறங்கு தம்பி."

"அண்ணி, உங்களுக்கு..."

"லைசென்ஸ் கீது. அவருதான் எடுக்க வெச்சாரு. எறங்கு."

அண்ணி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்கக் குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். அண்ணன் காலுக்கு வைத்திருந்த இடம் அது. பிறகு இழுத்தார். கியரைப் போட்டு, இன்ஜினை உறும வைத்து, ஒரே மூச்சில் பலகை உடைய வண்டியை மேலே ஏற்றி, நிறுத்தாமல் தெருமுனை வரைக்கும் போய் லஸ் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆபீஸ் சார் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். "நோட்டீஸ கிழிக்கலாம்னு பாத்தா, அதையும் எடுத்துனு போய்ட்டாங்களே" என்றார். லாரியில் ஏறும்போது கீழே காட்டினார். "இந்தக் குழிய மூடுங்கப்பா. ஸ்கூட்டர்ல வர்றவன் எவனாவது உழுந்து தொலைப்பான்."

வாசலை ஒட்டித் தெருவில் நீளமாக, சதுரம் வெட்டிய மாதிரி ஒரு பள்ளம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாபு முனையிலிருந்த குவியலிலிருந்து ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான்.

"அன்னிக்கு அண்ணன் குழில உனக்கும் சேத்து நான்தான் மண்ணு போட்டேன்" என்றான். "இத நீ போடு."

குனிந்து அள்ளினேன். மூன்று கை போட்டேன். மண் நனைந்திருந்தது. அதற்குப் பிறகு தெருக்காரர்கள் கூடை கூடையாகக் கொட்டி மூடினார்கள். சமமாக மிதிக்கச் சொன்னார்கள். எனக்குக் கால் வரவில்லை. மற்றவர்கள் மிதித்தார்கள்.

ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தார். முன்கண்ணாடியில் நோட்டீஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் நிறுத்த வேறு இடம் இல்லை. நான் அந்த மண்ணின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, நவுரு."

"இங்க வோணாம் அண்ணி. ஈர மண்ணு. வண்டி எறங்கிடும்."

அண்ணி தலையை வெளியே நீட்டி மண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எறங்காது. நீ நவுரு."

நகர்ந்தேன்.